பழைய ஏர்ஸ்ட்ரீம் வாங்கலாமா? பளபளப்பை விட்டு அடியில் பாருங்கள்

ஒரு குடும்பம் கேட்ட கேள்வி இது: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் வசிக்கிறார்கள். கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். கையில் இருப்பது டொயோட்டா ஹைலேண்டர். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் 1973ஆம் வருட ஏர்ஸ்ட்ரீம் ஒன்று, அதாவது காரின் பின்னால் கட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கும் அலுமினிய ட்ரெய்லர், 31 அடி நீளம், மலிவாக விலைக்கு வந்திருக்கிறது. "பாலிஷ் போட்டால் போதும், புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வேண்டாம் என்றால் வேறு எதை, எங்கே தேடுவது?

அந்த 31 அடியை விட்டுவிடுங்கள். வண்டி நல்லதோ கெட்டதோ, அதை நான் பார்க்கவில்லை. உங்கள் காரால் அதை இழுக்க முடியாது, அது போதும். பெட்ரோல் ஹைலேண்டர் அதிகபட்சம் இழுக்கக்கூடியது 5,000 பவுண்டு. ஹைபிரிட் என்றால் 3,500தான். அந்தக் காலத்து 31 அடி ஏர்ஸ்ட்ரீம் காலியாக நிற்கும்போதே 4,500 பவுண்டைத் தாண்டும். அதில் பாத்திரம் பண்டம், படுக்கை, பேட்டரி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற வேண்டும். தண்ணீர் காலனுக்கு 8 பவுண்டுக்கு மேல். 30 காலன் தொட்டி நிறைந்தால் அதுவே 250 பவுண்டு.

இழுவைத் திறனை மட்டும் பார்த்தால் போதாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் எனப்படும் இணைப்புக் கொக்கி வழியாக உங்கள் காரின் பின்பக்கத்தை அழுத்தும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். நான்கு பேர், பின்னால் பெட்டிகள், அதற்கு மேல் 500 பவுண்டு என்றால் கணக்கு எவ்வளவு இறுக்கமாகிறது என்று போட்டுப் பாருங்கள். என் கருத்தில் உங்களுக்குச் சாமான் ஏறிய பிறகு 4,000 பவுண்டுக்குள் அடங்கும் ட்ரெய்லர்தான் சரி. அதாவது காலியாக 3,000 பவுண்டை ஒட்டி. ஹைபிரிட் என்றால் இன்னும் சின்னதாகத் தேட வேண்டும். பலர் முதலில் ட்ரெய்லரை வாங்கிவிட்டு, பிறகு அதை இழுக்க ஒரு லாரி வாங்குகிறார்கள். அது வேறு பட்ஜெட்.

அப்புறம் அந்த "பாலிஷ் போட்டால் போதும்" கதை. அந்த வயது ஏர்ஸ்ட்ரீம்களின் அலுமினியத்தின் மேல் ஒரு தெளிவான பூச்சு உண்டு. அது உரிந்து திட்டுத் திட்டாகப் போயிருக்கும். முதலில் அதை மருந்து போட்டு முழுக்க எடுக்க வேண்டும், பிறகு மெஷின் வைத்துப் பல சுற்று தேய்க்க வேண்டும். 31 அடி வண்டிக்கு அது வாரக்கணக்கில் தோள்பட்டை வலிக்கும் வேலை. இத்தனையும் செய்தபின் பளபளப்பது மேல்தகடு மட்டும். வண்டியின் உயிர் அடியில் இருக்கிறது.

ஏர்ஸ்ட்ரீம் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானே புரியும். வாலி பையம் 1930களில் தொடங்கிய கம்பெனி இது. விமானம் கட்டும் முறையில், அலுமினிய விலா எலும்புகளின் மேல் உள்ளும் புறமும் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். அந்தக் கூடு நேராகச் சேஸிஸ் என்ற அடி இரும்புச் சட்டத்தின் மேல் உட்காருவதில்லை. நடுவில் பிளைவுட் தரை இருக்கிறது. கூட்டின் விளிம்பும் சேஸிஸும் அந்தப் பிளைவுட்டை நடுவில் கவ்விப் பிடித்து, போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஆகவே தரையின் ஓரம் மக்கிப்போனால் நடக்கும்போது கால் அமுங்குவதோடு முடியாது. மேல்கூட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் உள்ள பிடிப்பே அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள்.

1970களின் நீளமான மாடல்களில், அதுவும் குளியலறை பின்கோடியில் இருப்பவற்றில், இது பேர்பெற்ற நோய். பின் ஜன்னல் வழியாகவும் பம்பர் இணைப்பு வழியாகவும் தண்ணீர் கசியும். பிளைவுட் ஊறி மக்கும். மேலே குளியலறையின் பாரம், கீழே கழிவுத் தொட்டியின் பாரம். போல்ட்டுகளுக்குக் கவ்விப் பிடிக்க மரம் இல்லை. சேஸிஸின் வால் கீழே தொங்கத் தொடங்கும், கூடு மேலேயே நிற்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பின் பம்பர் மேல் ஏறி நின்று மெல்லக் குதியுங்கள். உங்களோடு வந்தவர் பம்பருக்கும் அலுமினியக் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் நல்லது. பம்பர் மட்டும் தனியாக இறங்கி, இடைவெளி வாயைத் திறந்து மூடினால், வாங்கியதும் உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றித் தரையை மாற்ற வேண்டியிருக்கும். விற்பவர் குதிக்க விட மறுத்தால் அதுவே பதில்.

அதன்பிறகு உள்ளே போங்கள். கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லும். பூஞ்சை வாடை என்றால் ஈரம். கண்ணை எரிக்கும் நெடி என்றால் சுவருக்குள் எலி குடியிருக்கிறது. அதன் மூத்திரம் பஞ்சுக் காப்பில் ஊறி அலுமினியத்தையும் அரித்துவிடும். கையில் ஒரு டார்ச்சும் மழுங்கிய குத்தூசியும் இருக்கட்டும். பின் மூலைகள் இரண்டு, கதவின் வாசற்படி, ஒவ்வொரு ஜன்னலின் நேர் கீழே, தண்ணீர்க் குழாய் தரையைத் துளைக்கும் இடம், கட்டிலடிப் பெட்டிகளின் உள்ளே என்று எல்லா இடத்திலும் பிளைவுட்டைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும், மக்கியது ஊசியை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு நண்பருக்காகப் பார்க்கப் போன வண்டியில் தரை முழுக்கப் புது வினைல், சுவர் முழுக்க வெள்ளைப் பெயின்ட், அலமாரி மேல் குட்டிக் கள்ளிச்செடி. பின் மூலையில் மட்டும் ஒரு கனமான பாய் விரித்திருந்தார்கள். பாயைத் தூக்கி, வினைல் ஓரத்தை நகத்தால் பிரித்து ஊசியை வைத்தேன். கைப்பிடி வரை போயிற்று. விற்றவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பழையதை வாங்கி வெள்ளை அடித்து விற்பதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு வெள்ளையடித்த வண்டியைவிட, கறை தெரியும் பழைய வண்டிமேல் நம்பிக்கை அதிகம். கறை எங்கே ஒழுகுகிறது என்றாவது சொல்லும்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது உத்தமம். மேலே ஏணி வைத்துக் கூரையையும் பாருங்கள். காற்றுப்போக்கி, ஆண்டெனா, ஏசி உட்காரும் இடங்களில் வெள்ளை சிலிகானை அள்ளி அப்பியிருந்தால், யாரோ ஒழுகலோடு போராடித் தோற்றிருக்கிறார்கள். சிலிகான் ஒட்டிய இடத்தில் வேறு நல்ல சீலன்ட் பிடிக்காது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும்.

அடுத்து அச்சு. 1960களின் தொடக்கத்திலிருந்து ஏர்ஸ்ட்ரீமில் லீஃப் ஸ்பிரிங் என்னும் பட்டை வில் கிடையாது. இரும்புக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகளை வைத்து, அவை அமுங்கி அதிர்வைத் தாங்கும்படி செய்தார்கள். ஐம்பது வருட ரப்பர் கல்லாகியிருக்கும். சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்தால், அச்சுக் குழாயிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கை தெரியும். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. கிடைமட்டமாகவோ மேல்நோக்கியோ இருந்தால் அச்சு செத்துவிட்டது. அதோடு ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக ரிவெட்டுகளுக்குப் போகும். புது அச்சு கிடைக்கும், அளவு சொல்லிச் செய்து வாங்கலாம். ஒன்றுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். 31 அடிக்கு இரண்டு வேண்டும்.

நம் ஒஹாயோவில் இன்னொரு தலைவலி, குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு. அடித்தகடு மறைத்திருப்பதால் சேஸிஸ் துரு சட்டென்று தெரியாது. முன்னால் ஹிட்ச்சுக்குப் போகும் இரண்டு கைகளையும் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், துரு தின்றது செதில் செதிலாக உதிரும். அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்து வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வெயிலில் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் நொறுங்கியிருக்கும். அவை மாற்றக்கூடியவை.

கண்ணாடி விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. 1966 முதல் 1968 வரை வந்த ஏர்ஸ்ட்ரீம்களில் கார்னிங் கம்பெனியின் மெல்லிய வளைந்த கண்ணாடி போட்டார்கள். அழகு, ஆனால் உடைந்தால் அதே கண்ணாடி கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வருடத்து வண்டி என்றால் ஜன்னல்களை எண்ணி, எத்தனை அசல் என்று கேளுங்கள். அதேபோல் முன்னும் பின்னும் உருண்டு வரும் மூலைத் தகடுகளில் பெரிய நசுங்கல் இருந்தால் விலையைக் குறைக்கப் பேசுங்கள். பக்கத் தகடு மாற்றுவது சுலபம், இரட்டை வளைவுள்ள தகடு சுலபமில்லை.

காஸ், மின்சாரம், தண்ணீர் மூன்றும் "நிறுத்தி வைக்கும்போது நன்றாகத்தான் வேலை செய்தது" என்ற ஒரே வாக்கியத்தில் உங்களிடம் ஒப்படைக்கப்படும். எதையும் நம்பாமல் விலை பேசுங்கள். காஸில் ஓடும் பழைய ஃபிரிட்ஜ் அருகே அம்மோனியா வாடை வந்தால் அது தீர்ந்தது. ஹீட்டரைச் சோதித்துப் பார்க்காமல் அதை ஓட்டிவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே தூங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் முதல் நாளே மாட்ட வேண்டும். சிலிண்டரின் திருகு முக்கோண வடிவில் இல்லாவிட்டால் அது பழைய வால்வு. நிமிர்த்தி வைக்கும் சிலிண்டர் என்றால் நிரப்பித் தர மாட்டார்கள். 1978க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பழைய தரை ஓட்டில் கல்நார் இருக்கலாம். சோதிக்காமல் எதையும் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: 1960களின் வண்டிகளில் கழிப்பறைக் கழிவுக்கு மட்டும்தான் தொட்டி. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குழாய் வழியே நேராகத் தரைக்குப் போகும். அன்றைக்கு அது வழக்கம். இன்றைக்கு முகாம்களில் விடமாட்டார்கள். சக்கரம் வைத்த சிறு தொட்டி ஒன்றைக் கீழே வைத்துச் சமாளிக்கலாம், அல்லது தொட்டி கட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் தெரிந்திருந்தால் போதும்.

சரி, எதைத் தேடுவது? ஏர்ஸ்ட்ரீம்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், 1960களின் 22 அடி சஃபாரி போன்ற ஒன்று உங்கள் பெட்ரோல் காருக்குப் பொருந்தும். 16 அடி பாம்பி என்ற ஏர்ஸ்ட்ரீம் 1961இல் வந்தது. எல்லாருக்கும் பிடிக்கும், அதனாலேயே விலை எக்கச்சக்கம், நான்கு பேருக்கு இடமும் போதாது.

ஷாஸ்டா கம்பெனி செய்தவை மாதிரி சின்ன மர வண்டிகளும் உண்டு. பக்கவாட்டில் ஹாம் இறைச்சி டப்பா போல் உருண்டு, பின்னால் குட்டி இறக்கை வைத்து, படத்தில் மனதைப் பறிக்கும். மெல்லிய மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை ஆணியடித்துப் பொருத்தியவை இவை. மரம் முழுக்க மக்கினாலும் தகடு உருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதுதான் ஆபத்து. மூலைகளையும் ஜன்னலின் அடிப்பகுதியையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். அப்பளம் போல் உள்ளே போனால் அங்கே மரம் இல்லை. தச்சு வேலை கைவந்தவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. வரும் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பவருக்கு வேண்டாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2015இல் ஷாஸ்டா தன் 1961 மாடலை அதே தோற்றத்தில் மறுபடி தயாரித்தது. அதைப் பழசென்று நினைத்து விலை கொடுக்காதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது ஃபைபர்கிளாஸ். 1968இல் கனடாவின் வினிபெக்கில் போலர் என்ற 13 அடி வண்டி வந்தது. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்தது. அந்த வழியில் மினசோட்டாவில் ஸ்காம்ப், பிறகு டெக்ஸாஸில் காசிட்டா வந்தன. இணைப்புகள் குறைவு என்பதால் ஒழுகலும் குறைவு, சுவரில் மக்க மரமே இல்லை. 16 அடி ஸ்காம்ப்பும் 17 அடி காசிட்டாவும் இலேசானவை. உங்கள் கார் பெட்ரோல் வகை என்றால் அவற்றை எளிதாக இழுக்கும். நான்கு பேர் படுக்கலாம், நெருக்கியடித்துத்தான். இவற்றிலும் பார்க்க வேண்டியவை உண்டு: ஸ்காம்ப்பின் தரை மரம்தான், ரப்பர் அச்சு இவற்றிலும் கிழடாகும், பழைய 13 அடி வண்டிகளில் சேஸிஸ் வளையும் இடத்தில் விரிசல் விடும். பளபளப்பு இல்லை, தெருவில் யாரும் நின்று படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் வாங்கிய வாரமே கிளம்பலாம், விற்கும்போதும் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பி வரும்.

எந்த வகையானாலும், போன கோடையில் யாராவது உள்ளே தூங்கிய வண்டியை வாங்குங்கள். கொட்டகையில் பத்து வருடம் நின்றதன் விலை பாதியாக இருக்கலாம். அச்சு, டயர், தரை, மின்கம்பி என்று பார்த்தால் மிச்சப் பாதியை நீங்கள்தான் கொடுப்பீர்கள், அதற்கு மேல் இரண்டு கோடையையும்.

தேடுவதற்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட் இரண்டையும் தினம் பாருங்கள். விற்பவருக்கே பெயர் தெரியாமல் "பழைய கேம்பர்", "அப்பாவின் ட்ரெய்லர்" என்று போட்டிருப்பதில்தான் நல்ல விலை கிடைக்கும். பிராண்ட் பெயரை மட்டும் தேடினால் அவை கண்ணில் படாது. 1919இல் ஃப்ளோரிடாவில் தொடங்கி, இடையில் மறைந்து, 1998இல் மீண்டும் உயிர்பெற்ற டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்ற சங்கம் இருக்கிறது. அவர்களுடைய கூடல்களுக்கு ஒரு நடை போய்வாருங்கள். நன்றாகப் பராமரித்த வண்டி பல சமயம் விளம்பரத்துக்கே வராமல் அங்கேயே கைமாறும். "ராணுவத்தில் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் வண்டி வீடு வரும்" என்று சொல்பவர் திருடர். நேரில் பார்க்காமல் ஒரு டாலரும் வேண்டாம்.

இலையுதிர் காலத்தில் விலை இறங்கும், குளிரில் நிறுத்த இடமில்லாதவர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் ஒரு சிக்கல்: நவம்பரில் குழாய்களைக் காலி செய்து வைத்திருப்பார்கள், தண்ணீர் விட்டுச் சோதிக்க முடியாது. முந்தைய குளிரில் காலி செய்ய மறந்திருந்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்திருக்கும், அது ஏப்ரலில்தான் தெரியும். ஆகவே நவம்பர் விலை வேண்டும் என்றால் குழாய் முழுக்க மாற்றும் செலவையும் சேர்த்தே பேசுங்கள்.

பேப்பர் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒஹாயோ டைட்டிலில் விற்பவர் நோட்டரி முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும்; முன்பே கையெழுத்துப் போட்டு வாங்குபவர் பெயரைக் காலியாக விட்ட டைட்டிலை நீட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். கதவருகே உள்ள தகட்டின் எண், டைட்டிலில் உள்ள எண் இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வெளிமாநில டைட்டில் என்றால் இங்கே பதிவதற்கு முன் எண்ணைச் சரிபார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. பேப்பரே இல்லாத வண்டிக்குச் சட்ட வழிகள் இருக்கின்றன. அந்த அலைச்சல் விற்பவருடையது; டைட்டில் வாங்கிவிட்டு அழைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர். டயரின் மேல் வரிகள் புதிதாகத் தெரிந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியதில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். ட்ரெய்லர் டயர் வெடித்தால் பக்கத் தகட்டையும் கிழித்துக்கொண்டு போகும். வீல் பேரிங்கைத் திறந்து புது கிரீஸ் வையுங்கள். பிரேக் பெரும்பாலும் மின்சார வகை. அதை இயக்கும் கன்ட்ரோலர் உங்கள் காரில் இருக்க வேண்டும். பழைய ட்ரெய்லர்களின் ஹிட்ச் குண்டு 2 அங்குலமா, 2 5/16 அங்குலமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். விளக்கு எரியாது என்று வைத்துக்கொண்டு, காந்தத்தில் ஒட்டும் தற்காலிக விளக்கு ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். சந்தேகமாக இருந்தால் தளம் தட்டையான லாரியில் ஏற்றி வரச் சொல்லுங்கள், செலவு பார்க்க வேண்டாம்.

அதற்கெல்லாம் முன், ஒரு நாள் பிள்ளைகளோடு ஜாக்சன் சென்டர் என்ற ஊருக்குப் போய்வாருங்கள். நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1952 முதல் ஏர்ஸ்ட்ரீம் அங்கே செய்கிறார்கள், பக்கத்திலேயே பழைய மாடல்களை வைத்த காட்சிக்கூடமும் இருக்கிறது. 22 அடிக்கும் 31 அடிக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். பண்ணைக்காரருக்குப் பதில் சொல்வதை அதுவரை தள்ளிப்போடுங்கள். ஐம்பது வருடம் நின்ற வண்டி, இன்னும் இரண்டு வாரம் நிற்கும்.